உறையைத் திறவாமல் பழுதறிதல்

இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், மோனிட்டர் என்று எல்லாரும் அழைக்கும் பழைய கணினித் திரை. அது படம் காட்ட மறுக்கும்போதும், காட்டும் படத்தைக் கோணலாகவோ மங்கலாகவோ நிறம் மாற்றியோ காட்டும்போதும், பழுது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டறியும் முறையே இங்கு ஆராயப்படுகிறது.

இப்படியொரு பொருளுக்கு ஒரு மண்டபமும் ஒரு மாலைப்பொழுதும் வேண்டுமா? புதிய திரை சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் காலத்தில், லோயாட் பிளாசா கணினிக் கடைகளுக்குச் சென்றால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் சங்கடத்துக்கு இத்தனை ஆய்வு தேவைதானா? தேவை என்பதற்குச் சான்று, டியூஷன் நிலையங்களிலும் கோயில் அலுவலகங்களிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் கடைக் கல்லாக்களிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கும் திரைகள். அவற்றுள் பல, ஓரிரு ரிங்கிட் பெறும் ஓர் உறுப்பு கெட்டதற்காக முழுவதுமாக எறியப்படுகின்றன. இன்னும் சில, தம்மிடம் எந்தப் பழுதும் இல்லாமலேயே எறியப்படுகின்றன. பழுதறியும் வேலையின் பெரும்பகுதி, உறை மூடியிருக்கும்போதே, திருப்புளியைக் கையில் எடுக்காமலே, கண்ணாலும் காதாலும் முடிந்துவிடக்கூடிய வேலை என்பதே இவ்வுரை நிறுவ முயலும் கருத்து.

திரைகள் இரு தலைமுறையின. முந்தையது, பின்புறம் பெட்டிபோல் பருத்திருக்கும் படக்குழாய்த் திரை. 1897இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய குழாயின் வழித்தோன்றல் அது. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயின் கழுத்திலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் கதிர், கம்பிச் சுருள்களின் காந்த விசையால் வளைக்கப்பட்டு, முகப்புக் கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருள்மீது கோடு கோடாக ஓடிப் படம் தீட்டுகிறது. பிந்தையது, நீர்மப் படிகத் திரை. நீர்மம்போல் ஓடினும் படிகம்போல் ஒளியை நடத்தும் பொருளை 1888இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரெய்னிட்சர் கண்டறிந்தார் என்பதும், அது காட்சித் திரையாக 1968இல்தான் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தால் உலகுக்குக் காட்டப்பட்டது என்பதும், ஒரு கண்டுபிடிப்பு பயன்பாட்டுக்கு வர எண்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்ததைக் காட்டுகின்றன. படக்குழாய்க்கும் மலேசியாவின் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஓர் உறவு உண்டு: தைவானின் சுங்குவா நிறுவனம் ஷா ஆலாமிலும், சாம்சுங் நிறுவனம் இங்கிருந்து தெற்கே சிரம்பானிலும் படக்குழாய்த் தொழிற்சாலைகளை நடத்தின. உலகின் எத்தனையோ மேசைகளில் ஒளிர்ந்த கண்ணாடி இவ்வட்டாரத்துத் தொழிலாளர் கைபட்டது.

இவ்விரு தலைமுறைகளையும் முதலில் பிரித்தறிய வேண்டியதன் காரணம் வரலாற்று ஆர்வம் அன்று. ஒன்றில் படமும் ஒளியும் ஒரே இடத்தில் பிறக்கின்றன, மற்றொன்றில் படம் ஓரிடத்திலும் ஒளி வேறிடத்திலும் பிறக்கின்றன. நீர்மப் படிகம் தானாக ஒளிர்வதில்லை; அதன் பின்னால் பின்னொளி என்னும் ஒரு விளக்கு எரிய வேண்டும். இந்த ஒரு செய்தியை அறியாததனால் வீணாக எறியப்பட்ட திரைகள் பல.

இனி, அணைந்த திரையின் முன் நிற்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி எது? படம் ஏன் இல்லை என்பதன்று. விளக்கு என்ன சொல்கிறது என்பதே. இயக்கும் பொத்தானுக்கு அருகில் உள்ள சிறு விளக்கு எரியாவிட்டால், மின்சாரம் உள்ளே சேரவில்லை என்று கொள்ளலாம். அப்போதும் திரையைக் குற்றம் சாட்டுதற்கு முன், சுவரில் செருகும் மூன்றுமுனை பிளக்கினுள் இருக்கும் உருகியையும் மின்கம்பியையும் ஐயுற வேண்டும். கணினிப் பெட்டிக்கும் திரைக்கும் வரும் மின்கம்பிகள் பெரும்பாலும் ஒரே வகையின என்பதால், ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்டினால் ஐயம் அரை நிமிடத்தில் தீரும். விளக்கு ஆரஞ்சு நிறத்தில் நிற்குமானால், திரை உயிரோடுதான் இருக்கிறது. கணினியிடமிருந்து சமிக்ஞை வராததால் காத்திருக்கிறது. பச்சையாகவோ நீலமாகவோ நிலையாக எரிந்தும் படம் இல்லையெனில், அதுவே ஆராய்ச்சிக்குரிய நிலை.

ஆரஞ்சு விளக்கைக் கண்டு திரையை மாற்றியவர்கள் புதிய திரையிலும் அதே ஆரஞ்சு விளக்கைக் காண்பார்கள். பழுது கணினியிலோ கம்பியிலோ இருக்கிறது. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் குறையாத இந்நாட்டில், கணினியின் நினைவகச் சில்லு பொருந்தியிருக்கும் வரிசை முனைகளில் மெல்லிய களிம்பு படிந்து தொடர்பு அறுந்துபோவது வழக்கமான நிகழ்ச்சி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அதை எடுத்துத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தினால் படம் வந்துவிடுவதும் அதே அளவுக்கு வழக்கமானது. கணினியின் பின்புறம் திரைக் கம்பிக்கென இரண்டு வாய்கள் இருந்து, கம்பி தவறான வாயில் செருகப்பட்டிருப்பதும் உண்டு. இதற்கும் திரைக்கும் என்ன தொடர்பு?

சமிக்ஞை குற்றமா, திரை குற்றமா என்று தீர்ப்பளிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. இவ்வுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதையே வைக்கலாம். கணினியிலிருந்து வரும் கம்பியை முழுவதும் கழற்றிவிட்டு, திரையை மட்டும் இயக்க வேண்டும். பெரும்பாலான திரைகள் அப்போது ‘சமிக்ஞை இல்லை’ என்றோ ‘கம்பியைச் சரிபார்க்கவும்’ என்றோ ஓர் அறிவிப்பைத் தாமே எழுதிக் காட்டும். அந்த அறிவிப்பு தெளிவாகவும் சரியான நிறத்திலும் தோன்றினால், மின்வழங்கி நலம், பின்னொளி நலம், கண்ணாடி நலம் என்று ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. பழுது கம்பியிலோ கணினியிலோ இருக்கிறது. மாறாக, அந்த அறிவிப்பே மங்கலாகவோ கோடு விழுந்தோ தோன்றினால், அல்லது தோன்றவே இல்லையெனில், பழுது பெரும்பாலும் திரைக்குள் இருக்கிறது. ‘வரம்புக்கு அப்பாற்பட்டது’ என்ற வேறோர் அறிவிப்பும் சிலவேளை வரும். கணினி அனுப்பும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையோ நொடிக்கு இத்தனை முறை என்னும் புதுப்பிப்பு வேகமோ திரையின் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்பது அதன் பொருள். கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி, புள்ளி எண்ணிக்கையையும் குறைத்து வேகத்தை 60 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் அது மறையும்.

திரைக்குள் பழுது என்று தெரிந்த பிறகாவது உறையைத் திறக்கலாமா? இன்னும் இல்லை. அடுத்த சாட்சி, ஒரு கைவிளக்கு. பொத்தானை அழுத்தியதும் படம் ஓரிரு நொடி பளிச்சென்று தோன்றி உடனே இருண்டுவிடும் நோய், 2010க்கு முற்பட்ட நீர்மப் படிகத் திரைகளில் மிகப் பரவலானது. அறையை இருளாக்கி, கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகக் கண்ணாடிமீது பாய்ச்சிக் கூர்ந்து நோக்கினால், இருண்ட திரையில் எழுத்துகளும் சின்னங்களும் நிழல்போல் அசைவது தெரியும். அப்படித் தெரிந்தால், படம் பிறந்துகொண்டிருக்கிறது, ஒளிதான் இறந்துவிட்டது. அக்காலத் திரைகளின் பின்னொளி, பென்சிலினும் மெல்லிய ஒளிர்குழாய்களால் ஆனது; அவற்றை எரியவைக்கப் பல நூறு வோல்ட்டிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாறுமின்னழுத்தம் வேண்டும்; அதைப் படைத்துத் தரும் பலகைக்கு இன்வெர்ட்டர் என்று பெயர். குழாய்களுள் ஒன்று தளர்ந்தாலும் இன்வெர்ட்டர் ஆபத்தை உணர்ந்து எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. அந்த ஓரிரு நொடிக் கணக்கு பழுதன்று, காவல். இயக்கிய உடன் சிறிது நேரம் படம் இளஞ்சிவப்பாகத் தோன்றிப் பின் வெளுப்பது, குழாய் மூப்படைந்ததற்கு அதற்கு முன்பே வரும் எச்சரிக்கை.

கண்ணாடி இறந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்ன திரையிலும், கைவிளக்கு படத்தைக் காட்டுமானால், அந்தத் தீர்ப்பு தவறு.

இனி வருவது, கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பத்தோடு நேரடியாகப் பிணைந்த பழுது. ஆகவே இங்குச் சற்று நின்று செல்வது தகும். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வராத படம், ஐந்தாறு முறை அழுத்தினால் வருகிறது. வந்தபின் நாள் முழுவதும் நன்றாக இருக்கிறது. மறுநாள் காலை மீண்டும் அடம்பிடிக்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல அடம் வளர்கிறது. இந்நடத்தை எதன் கையெழுத்து? மின்தேக்கியின் கையெழுத்து. கடைகளில் கப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கி, மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கிவைத்து மேடுபள்ளமின்றி வழங்கும் உருளை வடிவ உறுப்பு. அதனுள் அலுமினியத் தாளும், மின்பகு நீர்மம் என்னும் ஈரப்பொருளும் அடைக்கப்பட்டுள்ளன. ஈரம் வற்ற வற்ற அதன் ஆற்றல் குறைகிறது. குளிர்ந்திருக்கும்போது குறை மிகுதியாகவும் சூடேறிய பின் குறைவாகவும் வெளிப்படுகிறது. காலை அடத்தின் காரணம் அதுவே.

மின்தேக்கியின் உடலில் 105 பாகை செல்சியஸ் என்று அச்சிட்டிருப்பதும், அந்த வெப்பத்தில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று அதன் உற்பத்தியாளர் உறுதி கூறுவதும் பொதுவான வழக்கு. வெப்பம் ஒவ்வொரு 10 பாகை குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலாளர் கையாளும் விதி. உறைக்குள் 65 பாகை இருக்குமானால், நான்கு முறை இருமடங்காகி 32,000 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடும் அலுவலகத் திரைக்கு அது பதினோர் ஆண்டு. அதே திரை, குளிரூட்டி இல்லாமல் மின்விசிறி மட்டும் சுழலும் ஒரு டியூஷன் அறையில், சுவரோடு ஒட்டி, காற்றுத் துளைகளில் தூசி அடைத்து, 75 பாகையில் ஓடினால்? 16,000 மணி நேரம், ஐந்தரை ஆண்டு. துளைகளின் தூசியைத் தட்டுவதும் திரையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் எவ்வளவு பெரிய பழுதுநீக்கம் என்பதை இக்கணக்கு காட்டும். இத்தோடு, 1999ஐ ஒட்டித் தொடங்கி 2000களின் நடுப்பகுதிக்கு அப்பாலும் நீடித்த காலத்தில், சேர்மானம் பிழைத்த மின்பகு நீர்மம் அடைக்கப்பட்ட மின்தேக்கிகள் உலகச் சந்தையில் பெருமளவில் கலந்துவிட்டன. அவற்றுள் நீர்மம் அலுமினியத்தோடு வினைபுரிந்து வாயுவை வெளியிட, தட்டையாக இருக்க வேண்டிய தலைப்பகுதி உப்பிப் பிளந்து பழுப்புப் பசை கசிந்தது. அக்காலத்துத் திரைகளுள் சில இன்றும் ‘பழையவை’ என்று நம் வீடுகளில் நிற்கின்றன.

உப்பிய மின்தேக்கியை மாற்றுவது பற்றவைக்கத் தெரிந்த ஒருவர்க்கு அரைமணி நேர வேலை. உறுப்பின் விலை பூடு, ஜாலான் பாசார் மின்னணுப் பொருள் கடைகளில் ஒரு கோப்பை தே தாரிக்கின் விலையை எட்டாது. ஆனால் மாற்றுபவர் நான்கைக் கவனிக்க வேண்டும்: கொள்ளளவு பழையதற்குச் சமமாகவும், வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ, வெப்ப அளவு 105 பாகையாகவும், உடலில் கோடு போட்ட பக்கம் எதிர்முனையாகவும் அமைய வேண்டும். முனை மாறினால் வெடிக்கும்.

நிறம் மாறும் பழுதுகளுக்கு வருவோம். வெண்மை முழுவதும் மஞ்சளாகத் தோன்றினால் நீலம் வரவில்லை. செவ்வூதாச் சாயலானால் பச்சை வரவில்லை. நீலப்பச்சையானால் சிவப்பு வரவில்லை. ஐபிஎம் நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய விஜிஏ செருகி, பதினைந்து ஊசிகளுக்கு இடம் கொண்டது; முதல் மூன்று ஊசிகளே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை முறையே சுமப்பவை. அவசரமாகச் செருகும்போது அவற்றுள் ஒன்று வளைந்துவிட்டால் ஒரு நிறம் போய்விடும். பல்குத்தும் குச்சியால் நிமிர்த்தினால் வந்துவிடும். ஒன்பதாம் ஊசி பல கம்பிகளில் தொடக்கத்திலேயே இருப்பதில்லை என்பதால், அதன் வெற்றிடத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று இவ்வூசிகளை அரிப்பதும் உண்டு.

மங்கலை அளப்பதற்குத் தமிழர்க்கு வாய்த்த ஒரு கருவி இருக்கிறது. அது நம் எழுத்து. 1985இல் முத்து நெடுமாறன் முரசு என்னும் மென்பொருளை இந்நாட்டில் உருவாக்கிய காலந்தொட்டுத் தமிழ் கணினித் திரையில் வாழ்ந்துவருகிறது. புள்ளியும் சுழியும் மிகுந்த அதன் வடிவம் திரையின் கூர்மையை ஈவிரக்கமின்றிச் சோதிப்பது. திரையின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சிறிய அளவில் ‘கண்’, ‘கன்’, ‘கள்’ என்று எழுதிப் பார்த்தால், எந்த மூலையில் இருசுழியும் மூன்றுசுழியும் கலங்குகின்றனவோ, எங்கே புள்ளி முதலில் கரைகின்றதோ, அங்கே கூர்மை குன்றியிருக்கிறது. நீர்மப் படிகத் திரையில் எல்லா மூலைகளிலும் ஒரே அளவு மங்கல் என்றால், கணினி அனுப்பும் படப்புள்ளிக் கணக்கு திரையின் இயற்கைக் கணக்கோடு பொருந்தவில்லை என்பதே காரணமாக இருக்கும். 17 அங்குலச் சதுரத் திரைகளுக்கு அது பெரும்பாலும் 1280க்கு 1024. படக்குழாயில் மூலைகள் மட்டும் மங்குவது கதிர்க் குவியத்தின் தளர்ச்சி.

மேலிருந்து கீழ்வரை ஒற்றை முடிபோன்ற கோடு விழுந்த நீர்மப் படிகத் திரைக்கு என்ன செய்யலாம்? ஒன்றும் செய்வதற்கில்லை. கண்ணாடி விளிம்பில் ஒட்டப்பட்ட நுண்பட்டைத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அதைச் சீராக்கும் இயந்திரத்தின் கூலிக்குப் புதுத்திரையே வாங்கலாம். கோட்டோடு வாழப் பழகுவதே சிக்கனம்.

படக்குழாய்த் திரைக்கு வரும் நோய்கள் வேறு. படம் முழுவதும் சுருங்கிக் கிடைக்கோடு ஒன்று மட்டும் எரிந்தால், கதிரை மேலும் கீழும் இழுக்கும் சுற்று செயலிழந்துவிட்டது. ஒளியை உடனே குறைக்காவிட்டால் அக்கோடு ஒளிர்பொருளை எரித்துத் தழும்பாக்கிவிடும். மூலைகளில் நிறத்திட்டுகள் தோன்றினால், அருகில் வைத்த ஒலிபெருக்கியின் காந்தத்தை முதலில் ஐயுற வேண்டும். படம் இடைவிடாமல் நடுங்கினால்? இங்கேதான் ரயில் தடத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸின் இட அமைப்பு விளக்கத்துக்குள் வருகிறது. 1995இல் ஓடத் தொடங்கிய கொமுட்டர் ரயில், 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரத்தில் இயங்குவது. பிரிக்பீல்ட்ஸையும் கிள்ளானையும் இணைப்பதும் அதே தடம். அத்தகைய தடத்தை ஒட்டிய வீட்டில், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் படக்குழாயின் கதிரை, 50 ஹெர்ட்ஸில் ஊசலாடும் காந்தப்புலம் தொடக்கூடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடான பத்துமுறை வீதத்தில் படம் நடுங்கும். திரையை மற்றோர் அறைக்கு எடுத்துச் சென்றதும் நடுக்கம் நின்றால், கழற்றிப் பார்த்து என்ன பயன்? தடமோ மின்கம்பித் தொகுதியோ அருகில் இருப்பதே பழுது.

அவையோரே, மின்னலைப் பற்றிச் சொல்லாமல் இவ்வட்டாரத்தில் மின்கருவிகளைப் பற்றிப் பேச இயலாது. ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இடி முழங்கும் பகுதி இது. பருவக்காற்றுகள் மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் உச்சம். மின்னலுக்குப் பின் உயிரிழந்த திரையில் உட்புற உருகி கண்ணாடியோடு கருகியிருந்தால், உருகியை மட்டும் மாற்றுவது வீண்; அதை எரித்த உறுப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. உருகிக்குப் பதிலாக ஈயத்தாளையோ கம்பியையோ சுற்றிவைப்பது வீட்டையே பணயம் வைப்பது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானின் பல பகுதிகளிலும் வெள்ளம் வீட்டுக் கூரையை நெருங்கியபோது ஊறிய கருவிகள் எண்ணிலடங்கா. வெள்ளம் புகுந்த திரை வெளியே உலர்ந்துவிட்டதாகத் தோன்றினும் உள்ளே சேறும் உப்பும் மின்வழியாகக் காத்திருக்கும். அதை ‘ஒருமுறை போட்டுப் பார்ப்போம்’ என்று இயக்கக் கூடாது.

உறையைத் திறக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதற்கு எல்லை வகுத்தே ஆக வேண்டும். நீர்மப் படிகத் திரையின் மின்வழங்கியில், சுவரின் 230 வோல்ட் நேர்மின்சாரமாகி 325 வோல்ட் அளவில் பெரிய மின்தேக்கியில் தேங்கி நிற்கிறது; கம்பியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். அறிந்தவர் அதை வடித்துவிட்டுத் தொடுவர். அறியாதவர் தொடக் கூடாது. படக்குழாயோ எவ்வகையிலும் வீட்டில் திறக்கத்தக்கது அன்று. நிறப்படக் குழாயின் பக்கவாட்டில் உள்ள முனை 25,000 வோல்ட் அளவுக்கு ஏற்றப்படுகிறது. குழாயின் கண்ணாடியே, அதன் உள்ளும் புறமும் பூசப்பட்ட கரிப்பூச்சுகளோடு சேர்ந்து ஒரு மின்தேக்கியாகி, மின்சாரம் துண்டிக்கப்பட்டு நெடுநேரத்துக்குப் பின்னும் அந்த ஏற்றத்தைத் தக்கவைத்திருக்கும். குழாய் உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கிச் சில்லுகளை வீசும். உள்ளே ‘டிக் டிக்’ ஒலியும் மின்தீப்பொறி மணமும் எழுந்தால் உயர்மின்னழுத்த மின்மாற்றி விரிசல் கண்டிருக்கலாம். கம்பியைப் பிடுங்கி, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பது தவிர வேறு வழியில்லை.

சீராக்க முடியாத திரை எங்கே போக வேண்டும்? வாரந்தோறும் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரி அதை மகிழ்ச்சியோடு ஏற்றிக்கொள்ளும். ஏற்றியபின் கழுத்துச் சுருளின் செம்புக்காகக் குழாய் உடைக்கப்பட்டால், ஈயம் கலந்த கண்ணாடி ஏதோ ஒரு புறம்போக்கில் கொட்டப்படும். மெல்லிய பின்னொளிக் குழாய்கள் நொறுங்கினால் அவற்றுள் உள்ள பாதரசம் காற்றில் கலக்கும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகள் மின்னணுக் கழிவை எஸ்டபிள்யூ 110 என்னும் குறியீட்டின்கீழ் வைத்து, படக்குழாய்க் கண்ணாடியையும் அதில் சேர்த்துள்ளன. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற மீட்பு நிலையங்களே அதைக் கையாளத் தகுதியுடையவை. திரையை உடைக்காமல், திருகாணி கழற்றாமல், முழுதாக அத்தகைய சேகரிப்பு இடத்தில் சேர்க்க வேண்டும்.

சீராக்கத் தக்கதெனப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லும் திரைக்கோ, முதுகில் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும்: விளக்கு எந்நிறம், கம்பியின்றி அறிவிப்பு வந்ததா, கைவிளக்கில் படம் தெரிந்ததா, காலையிலா மாலையிலா அடம், முந்திய நாள் இடி முழங்கியதா என்னும் ஐந்து செய்திகள். அத்தாளைப் படிக்கும் பழுதுபார்ப்பவர் எந்தப் பலகையை முதலில் தொட வேண்டும் என்பதை உறையைக் கழற்றுமுன்பே அறிந்திருப்பார். மணிக்கணக்கில் கூலி கேட்கவும் அவருக்கு வாய்ப்பு குறையும்.